இரண்டாவது மெழுகுவர்த்தி

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம், எனக்கு நஷ்டமில்லை. நான் கதை கட்டுகிறவள் இல்லை. பக்காவு ஊரில் மார்செலாவின் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருபது வருடமாகக் குடியிருப்பவள். அவள் கழுத்தில் இருந்த தடத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். விரல் தடம் இல்லை. ஒரு காசு அளவுக்கு வட்டமான கருநீலத் தடம்... சரியாகத் தொண்டைக்குழிக்கு மேலே.

மார்செலா தையற்காரி. பாதி ஊருக்குச் சட்டை தைப்பவள். அவள் கணவன் ஹோரியா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். ஆள் பார்க்க மாடு மாதிரி இருப்பான், மனசு பஞ்சு. வீட்டில் சிலந்தி வந்தால் தம்ளரில் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவான். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் அவள் மேல் கை ஓங்கியதில்லை. இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன். எங்கள் கட்டடத்தில் சுவர் மெல்லியது, அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை என் கணவரின் நினைவு நாள். வழக்கம்போல மார்செலாவுக்குத் தானம் கொடுத்தேன். வட்ட ரொட்டி, அதன் நடுவில் குத்திய மெழுகுவர்த்தி, ஒரு குவளை, முனையில் காசு வைத்து முடிந்த துண்டு. இப்படிச் செத்தவர் பேரில் கொடுப்பதை வாங்கும்போது எங்களில் யாரும் நன்றி சொல்லமாட்டோம். "அவரைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்றுதான் சொல்வோம். சொன்னால்தான் அது செத்தவருக்குப் போய்ச் சேரும். சொல்லாமல் எடுத்துக்கொண்டால், தன் பங்கைத் தேடிச் செத்தவரே வருவார் என்பார்கள். அன்று மார்செலா வாய் நிறையச் சொன்னாள். அவளுக்குத் தெரியாத விஷயமில்லை இது.

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம் என்று இருவரும் புக்காரெஸ்ட் போனார்கள். நகர நடுவில், பெரிய சாலையில், வாசலில் தொப்பி போட்ட ஆள் கதவு திறந்துவிடுகிற ஓட்டல். இருப்பதிலேயே சின்ன அறையாகத்தான் ஹோரியா பதிவு செய்திருந்தான். நவம்பர் மாதம், சனிக்கிழமை. மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே நுழைந்தபோது மாலை மணி 4:10.

கூடத்தின் விளக்குகளைப் பார்த்து ஹோரியா வாய் பிளந்தான்.

"யோவ், வாயை மூடு. ஈ போயிடும்."

"போகட்டுமே. இவ்வளவு பளபளப்பான ஈ நம்ம ஊர்ல கிடைக்காது."

வரவேற்பு மேசையில் டெலியா என்ற பெண் இருந்தாள். அவள் ஹோரியாவைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சார், உங்களுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம். சின்ன ரூம் வேணாம், அஞ்சாவது மாடியில மூலை ரூம் தர்றோம். ராத்திரிச் சாப்பாடும் மேலயே வந்துடும். ஒருத்தங்க பரிசா ஏற்பாடு பண்ணியிருக்காங்க."

"யாரும்மா அது?"

"பேர் சொல்ல வேணாம்னுட்டாங்க."

"யாரா இருந்தா என்ன, நன்றின்னு சொல்லிடும்மா," என்றான் ஹோரியா.

நன்றி. அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போனான், பாவி.

மார்செலா திரும்பிப் பார்த்தாள். மூலை சோபாவில் கறுப்பு முக்காடு போட்ட கிழவி ஒருத்தி, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் ஹோரியாவின் ஒரு தோளில் தொடங்கி மறு தோள்வரை நிதானமாகப் போயிற்று. பிறகு கழுத்து. பிறகு கை நீளம். அளவெடுக்கிற பார்வை. தையற்காரிக்கா அது தெரியாது?

அறை அரண்மனை மாதிரி இருந்தது. மேசைமேல் ஒரு வட்ட ரொட்டி. பூ வேலை செய்த துண்டு, அதன் முனையில் ஒரு முடிச்சு. எனாமல் குவளை. கட்டிலின் கீழே இரண்டு ஜோடி புதுச் செருப்பு, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. கட்டில்மேல் மடித்து வைத்த வெள்ளைச் சட்டை.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். கண்ணெதிரே இருக்கிறதே! ஆனால் அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பணக்கார ஓட்டல்களில் இப்போது கிராமத்துச் சாமான்களை வைத்து அலங்காரம் செய்வதுதானே நாகரிகம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"இந்தக் குவளையைப் பாரு. நம்ம ஊர்ல கோழிக்குத் தண்ணி வைக்கிறது. இங்க அலங்காரமாம்!"

ரொட்டியின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதையும் பார்த்தாள். சுட்டவனுக்குக் கைத்திறமை போதாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஹோரியா நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, புதுசைப் போட்டுக்கொண்டான். அவனுடையது காளைக் கழுத்து. கடையில் வாங்கிய எந்தச் சட்டையும் அவனுக்கு இன்றுவரை பொருந்தியதில்லை. இது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உட்கார்ந்தது. மார்செலா பொத்தான் துளையைத் தொட்டுப் பார்த்தாள். கையால் தைத்தது.

"உன் தையலைவிட நல்லா இருக்கே," என்று சீண்டினான்.

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலை 6:30. சாப்பாடு வந்தது. முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி, மக்காச்சோளக் களி, சிவப்பு ஒயின். கண்ணாடிக் கோப்பை இருந்தும் ஹோரியா எனாமல் குவளையில்தான் ஊற்றிக் குடித்தான். ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். தலை நிமிரவில்லை. பல நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி தின்றான்.

இடது கையால்.

ஹோரியா வலது கைக்காரன்.

மாலை 6:52. கீழே பாட்டு தொடங்கியது. அக்கார்டியன், வயலின், கால் தட்டுகிற சத்தம்.

"கீழ கல்யாணம் போல," என்றாள் மார்செலா.

அவன் விரலால் மேசையைத் தட்டினான். டக்... டக்... டக்... பாட்டு வேகமாக, விரலும் வேகமாக.

7:05.

"அவனைப் பார்த்து எதுக்குச் சிரிச்ச?"

"யாரை?"

"அக்கார்டியன்காரனை."

"நாம கீழேயே போகலையே. என்னய்யா, ஒரு குவளைக்கே ஏறிடுச்சா?"

அவன் எழுந்தான். கதவுக்குப் போனான். சாவியைத் திருப்பினான். ஒரு முறை. இரண்டு முறை. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கல்யாணம் ஆன அன்னைக்கே உனக்கு இன்னொருத்தன் கேட்குதா?"

குரல் ஹோரியாவுடையதுதான். பேசியது அவன் இல்லை.

அவளுக்குப் பயத்தைவிட முதலில் வந்தது அவமானம்தான் என்று என்னிடம் சொன்னாள். இருபத்தைந்து வருடம் ஒரே தலையணையில் படுத்தவன் இப்படிக் கேட்டுவிட்டானே என்று.

"ஹோரியா... விளையாடாத."

அறைந்தான். புறங்கையால். அவள் மேசையோடு சரிந்தாள். தட்டுகள் உடைந்தன. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நாக்கில் ஏதோ கடினமாக உருண்டது. துப்பினாள். பல்.

7:11. கட்டில் பக்கத்துக் கடிகாரத்தில் பார்த்தாள்.

கத்தினாள். கீழே பாட்டு ஓங்கியது. மறுபடியும் கத்தினாள். பாட்டு இன்னும் ஓங்கியது. வேண்டுமென்றே அவள் குரலை மூடுவதுபோல.

முடியைப் பிடித்து இழுத்தான். நிலைக்கண்ணாடியில் அவள் நெற்றியை மோதினான். ஒரு முறை. கண்ணாடி விரிந்தது. இரண்டாம் முறை. சில்லுகள் அவள் தோளில் கொட்டின. விரிசலுக்குள் அவன் முகம் தெரிந்தது. ஹோரியாவின் கண்கள். அந்தக் கண்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

உள்ளே எங்கேயோ அவன் இருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கைக்கு அகப்பட்ட முள்கரண்டியை அவன் தொடையில் குத்தினாள். முழுக்க இறங்கியது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

துண்டை எடுத்தான்.

பின்னாலிருந்து அவள் கழுத்தில் சுற்றினான். முடிச்சு தொண்டைக்குழிக்கு மேல் வந்தது. இறுக்கினான். முடிச்சுக்குள் வட்டமாக, கடினமாக ஏதோ இருந்தது. அது உள்ளே அழுந்தியது...

கால்களை உதைத்தாள். காலணி பறந்தது. குதிகால் அலமாரியின் கீழ் இழுப்பறையில் மோதியது. மறுபடி. மறுபடி.

இழுப்பறை திறந்துகொண்டது.

உள்ளிருந்து இரண்டு மெழுகுவர்த்திகள் உருண்டு வந்தன. ஒன்று தடிமன். ஒன்று மெலிசு. கூடவே ஒரு தீப்பெட்டி.

மெழுகுவர்த்தி.

ரொட்டியில் ஓட்டை.

குவளை.

முடிச்சுக்குள்... காசு.

போன வியாழக்கிழமை என் சமையலறையில் நின்று இதையெல்லாம் வாங்கிக்கொண்டவள் அவள்.

மூச்சு இல்லை. கண் இருண்டது. விரல்களைத் துண்டுக்கு அடியில் நுழைத்தாள். நகம் பிய்ந்தது. ஒரு சொட்டுக் காற்று உள்ளே போனது. அவ்வளவுதான் இருந்தது. அதை வைத்துச் சொன்னாள்.

"யாருக்காகக்... கொடுத்ததோ... அவரைக்... கடவுள்... மன்னிக்கட்டும்."

பாட்டு நின்றது.

பாதி அடியில். கத்தரித்ததுபோல.

துண்டு தளர்ந்தது. பின்னால் மாடு சரிவதுபோல ஹோரியா விழுந்தான். மணி 7:19.

அவன் எழுந்து முதலில் பார்த்தது உடைந்த கண்ணாடியை. பிறகு அவள் முகத்தை. "யாரு? யாரு உன்னை இப்படி..." என்றவன், அவள் கண் போன இடத்தைப் பார்த்துத் தன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். அந்த மாதிரி ஓர் அழுகையைத் தான் கேட்டதே இல்லை என்றாள் மார்செலா. அவள்தான் அவன் மேலிருந்து சட்டையைக் கிழித்து எறிந்தாள். அவள்தான் சாவியைத் தேடி எடுத்தாள். நொண்டுகிறவனைத் தாங்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கியதும் அவள்தான்.

கூடத்தில் எல்லோரும் உறைந்து நின்றார்கள். சோபாவில் இருந்த கிழவி மட்டும் எழுந்து வந்தாள். மார்செலாவின் ரத்தத்தையோ உடைந்த வாயையோ அவள் பார்க்கவில்லை. கழுத்தை மட்டும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கடைசிப் பேருந்தை விட்டவள் முகம் மாதிரி.

"சொல்லிட்டியா, பொண்ணே?" என்றாள்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் என் கதவைத் தட்டினார்கள். ஹோரியா அன்றிலிருந்து அவர்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் படுக்கிறான். தானே உள்ளே போய், வெளியே பூட்டச் சொல்லி, சாவியை அவளிடம் கொடுத்துவிடுகிறான். போலீசுக்குப் போகலாம் என்று அவனே கெஞ்சினான். "நீ பண்ணலை" என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஆனால் அவன் இருமினால்கூட அவள் உடம்பு தூக்கிப்போடுகிறது. அது அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை 10:20. என் சமையலறையிலிருந்துதான் ஓட்டலுக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். எடுத்தது டெலியா. பேச்சைத் தொடங்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ரூம்ல செத்தது யாரு?"

"ஒரு புதுப் பொண்ணு, மேடம். இருபத்தோரு வருஷம் ஆச்சு. கீழ கல்யாண விருந்து நடந்துட்டிருக்கும்போதே புருஷன் மேல கூட்டிட்டுப் போய் கழுத்தை நெரிச்சுட்டான். பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேட்கலை. அப்புறம் அவனும் ஜன்னல் வழியா குதிச்சுட்டான்."

"சனிக்கிழமையும் கீழ பாட்டு இருந்துச்சே..."

"சனிக்கிழமையா? விருந்து மண்டபம் பூட்டித்தான் இருந்துச்சு, மேடம்."

மார்செலா என் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கறுப்பு முக்காடு... செத்த பொண்ணோட அம்மாவா?"

"இல்ல. அவனோட அம்மா. தற்கொலை பண்ணவனுக்கு சர்ச்சுல பூசை வைக்க மாட்டேன்னுட்டாங்களாம். அதான் வருஷா வருஷம் அதே நாள்ல அந்த ரூமை எடுத்து யாருக்காவது தானமாக் கொடுப்பாங்க. சட்டையும் அவங்களே தைப்பாங்க. பையன் இருந்திருந்தா இப்ப இவ்வளவு ஆகியிருப்பான்னு ஒவ்வொரு வருஷமும் அளவைக் கூட்டிக்கிட்டே வருவாங்க."

"யாருக்குமே இதுவரைக்கும் எதுவும் ஆகலையா?"

"இல்லவே இல்ல, மேடம். எப்பவும் தனியா வர்ற ஆம்பளைக்குத்தான் கொடுப்போம். இன்னாருக்காகன்னு சொல்லித்தான் கொடுப்போம், அவங்களும் கடவுள் மன்னிக்கட்டும்னு சொல்லிடுவாங்க. மெழுகுவர்த்தி ரொட்டி மேலயே இருக்கும். இந்த வருஷம்தான் எதையும் சொல்லக் கூடாது, மெழுகுவர்த்தியை உள்ள வச்சிடுன்னாங்க."

மார்செலா அந்தக் காசுத் தடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"எதுக்கு ரெண்டு மெழுகுவர்த்தி?"

"நானும் அதைத்தான் கேட்டேன், மேடம். எப்பவும் ஒன்னுதான் கொண்டு வருவாங்க. இந்த வருஷம் ரெண்டு கொண்டு வந்து, ஜோடியா வர்றவங்களுக்குத்தான் கொடுக்கணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க. மருமக செத்து அங்க போயும் அவன் பக்கம் வரவே இல்லையாம். 'பையன் கனவுல வந்து அழறான், ரொம்பத் தனியா இருக்கானாம்'னு சொன்னாங்க."