பொன்னி அக்கா கூட வந்தால் வருகிறேன்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களில் ஆரோக்கியசெல்வியைப் போலச் சத்தமாகச் சிரிக்கிறவள் வேறு யாரும் இல்லை. நாலு பாத்தி தள்ளி நிற்கிறவர்களுக்கும் அவள் சிரிப்பு கேட்கும். என்ன விஷயம் என்று தெரியாமலே அவர்களும் சிரிப்பார்கள். அனுமந்தையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது வரை படித்தாள். உப்பு மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஜான்சனைக் கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவள் சிரிக்காமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. மூத்த பெண் ஷெரின் பிறந்த கதை அது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வலி எடுத்ததும் ஜான்சன் அவளைத் தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வாசலிலேயே அவனையும் அவள் அம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வரிசையாக ஆறு கட்டில்கள். நடுவில் திரை கிடையாது. மல்லாக்கப் படுக்கவைத்தார்கள், பதினோரு மணி நேரம் அப்படியே கிடந்தாள். எழுந்து நடக்கக் கூடாது. தண்ணீர் கேட்டால் திட்டு. வலி தாங்காமல் கத்தியபோது அங்கே வேலை பார்த்த ஒருத்தி தொடையில் பளாரென்று அறைந்து, வெளியே சொல்ல முடியாத ஒரு பேச்சும் பேசினாள். குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. ஆனால் அந்தப் பதினோரு மணி நேரத்தில் ஒருவர் கூடத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதை ஆரோக்கியசெல்வியால் மறக்க முடியவில்லை.

அதனால் இரண்டாவது பிள்ளை உண்டானபோது, ஆறாம் மாதம் முடியும் முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"இந்தத் தடவ நான் எங்கயும் வரல. வீட்லயே பெத்துக்கிறேன்" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜான்சன் தலையைத் தூக்கினான். "வீட்லயா? யாரு பாப்பாங்க?"

"பொன்னி அக்கா பாக்கும். கேட்டுட்டேன்."

மனைவியோடு வாதாடி ஜெயித்த சரித்திரம் ஜான்சனுக்குக் கிடையாது. "பொன்னி அக்காவுக்குத் தெரியுமா அதெல்லாம்?" என்று மட்டும் கேட்டான்.

"அதோட மூணாவது புள்ள, வண்டி வர்றதுக்குள்ள வீட்லயே பொறந்துச்சுல்ல? தெரியாமயா இருக்கும்?"

பொன்னி ஆரோக்கியசெல்வியைவிட எட்டு வயது மூத்தவள். உப்பளத்தில் பக்கத்துப் பாத்தி. ஆரோக்கியசெல்வி வேலைக்கு வந்த முதல் வாரம் காலெல்லாம் வெடித்து நடக்க முடியாமல் நின்றபோது, தன் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உப்பு சுமந்தவள் அவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே தூக்குச் சட்டியில்தான் சாப்பிடுகிறார்கள்.

ஐந்தாம் மாதத்திலேயே ஆரோக்கியசெல்வி கூடை சுமப்பதை விட்டுவிட்டு, உப்பைப் பாக்கெட் போடுகிற ஷெட்டுக்கு மாறியிருந்தாள். அங்கேதான் சிவசங்கரி அவளைத் தேடி வந்தாள். சிவசங்கரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறை நர்ஸ். இந்தப் பெண் இரண்டு மாதமாகச் செக்கப்புக்கு வரவில்லை, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறாளாம் என்று காதில் விழுந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறாள்.

திட்டு விழப்போகிறது என்று நினைத்து ஆரோக்கியசெல்வி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள். உப்புக் கூடையை இறக்க வந்திருந்த பொன்னி ஒரு சாக்கை எடுத்து உதற ஆரம்பித்தாள்.

சிவசங்கரி ஒரு உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "உன்னத் திட்ட வரல செல்வி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்ககிட்ட இல்லாதது வீட்ல அப்படி என்ன இருக்குது?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "அது ஆபத்து", "இந்தக் காலத்துல இப்படியா" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. வீட்டில் எழுந்து நடக்கலாம். தாகம் எடுத்தால் கஞ்சி குடிக்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். பொன்னி அக்கா பக்கத்தில் இருக்கும். கத்தினால் யாரும் அடிக்க மாட்டார்கள். சொல்லச் சொல்ல, ஷெரின் பிறந்த கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. கடைசியில் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. உப்புப் படிந்த முந்தானையால் துடைத்ததில் கண் வேறு எரிந்தது.

சிவசங்கரி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நம்ம கிட்ட நடக்கலாம். நடந்தாதான் நல்லது. கஞ்சியும் குடிக்கலாம், நான் சொல்ற வரைக்கும். திரை இருக்குது. கூட ஒரு பொம்பள இருக்கலாம், பொன்னியவே கூட்டிட்டு வா. அடிக்கிறதெல்லாம் நான் இருக்கிற எடத்துல நடக்காது."

"நீங்க இல்லாத நாள்ல வலி வந்தா?"

சிவசங்கரி ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதி நீட்டினாள். "போன் பண்ணு. என் வீடு ரெண்டு தெரு தள்ளிதான். வந்துடுவேன்."

கிளம்பும்போது பொன்னியைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மா, கொழந்த பொறந்து ரத்தம் நிக்காம போனா என்ன பண்ணலாம்னு இருக்க?"

பொன்னி காலிச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் மதியம் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்தபோது பொன்னி கையை வைக்கவே இல்லை.

"என்னாக்கா, ஒடம்பு சரியில்லயா?"

"ஒரு வாரமா சோறு எறங்கலடி" என்றாள் பொன்னி. "நீ கேட்டதும் முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. என் சின்னவன் பொறந்தப்போ நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா வந்துச்சு. நானு பயத்துல கண்ண மூடிட்டுக் கெடந்தேன். தொப்புள் கொடிய யாரு அறுத்தாங்கன்னு கூட எனக்குத் தெரியாது. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் எப்படிடி உயிரோட இருப்பேன்?"

ஆரோக்கியசெல்விக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தலையைத் தலையை ஆட்டிவிட்டு இப்போது வந்து சொல்கிறாளே என்று. பிறகு, பயத்தை மூடி வைத்துக்கொண்டு, ஒரு வாரமாகத் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது போலப் பாசாங்கு செய்த அந்த முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஷெட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா?" என்று கேட்டு, ஒரு கவளத்தைப் பிசைந்து பொன்னியின் வாயில் திணித்தாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் பிரசவ அறையைப் பார்க்கப் போனார்கள். வாடகைக்கு வீடு பார்க்கிறவளைப் போல ஆரோக்கியசெல்வி எல்லாவற்றையும் சோதித்தாள். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். பச்சைத் திரையை இழுத்து, வெளியே நின்ற பொன்னியிடம் "நான் தெரியறனா?" என்று கேட்டாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, "இப்படியே பெத்துக்கலாமா சிஸ்டர்?" என்றாள். தாராளமாக என்றாள் சிவசங்கரி. பின்பக்கம் ஒரு வேப்பமரமும் நடக்க இடமும் இருந்தன.

"பொன்னி அக்கா கூட வந்தா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மனசு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. செக்கப்புக்கு ஒழுங்காகப் போனாள். சத்து மாத்திரை சாப்பிட்டாள். இருந்தாலும் ஒரு நாள் வீடு, ஒரு நாள் ஆஸ்பத்திரி என்று மாறிக்கொண்டே இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் அந்த ஆறு கட்டில்கள் கனவில் வந்துவிட்டால், எழுந்ததும் வீட்டின் உள் அறையைக் கூட்டிப் பெருக்கி, துவைத்த புடவைகளை மடித்து வைப்பாள். ஜான்சன் அதைப் பார்த்தும் பார்க்காதவனாக வண்டியைத் துடைப்பான்.

வலி வந்தது ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலில். சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். முதல் வலி இடுப்பைச் சுற்றி இறுக்கிவிட்டுப் போனதும், வாயுவாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது வந்தபோது புரிந்துவிட்டது. எழுந்து போக அவளுக்கு மனசில்லை. முன்வரிசைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நன்மை அப்பம் வாங்கி, கடைசி ஆசீர்வாதம் வரை நின்றாள். பாட்டு முடிந்ததும் ஆண்கள் பக்கம் போய் ஜான்சனின் சட்டையை இழுத்தாள்.

"ஏங்க, வண்டிய எடுங்க."

ஷெரினை அவன் அக்காவிடம் விட்டுவிட்டு, லோடு ஆட்டோவின் முன் சீட்டில் அவளை உட்காரவைத்துக் கிளப்பினான். தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். இடது பக்கம் வீடு. நேராகப் போனால் ஈசிஆர் ரோடு, உப்பளம், அதைத் தாண்டி சுகாதார நிலையம். அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் செல்வி? நீ சொல்றதுதான்."

அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் அவன் கேட்டான், தானாகத் திருப்பவில்லை. ஒரு வலி வந்து போகும் வரை காத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "நேரா போங்க. பொன்னி அக்காவ ஏத்திக்கணும்."

உப்பு நன்றாக விளைகிற பருவம், ஞாயிறு என்று பார்க்காமல் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜான்சன் ரோட்டோரம் நிறுத்தி ஹாரனை அழுத்திப் பிடித்தான். வெள்ளை வெளேர் என்று கிடந்த பாத்திகளுக்கு நடுவில் கூடையோடு போய்க்கொண்டிருந்த இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னி கூடையை வரப்பில் அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடி வந்தாள். மற்றவர்கள் ரோட்டு மேடு வரை பின்னாலேயே ஓடி வந்து கை ஆட்டினார்கள். பொன்னி பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றதும் வண்டி பறந்தது.

போன் போனதும் சிவசங்கரி வந்துவிட்டாள். அன்று அவளுக்கு லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை ஈரத்தோடு முடிந்திருந்தாள், கையில் மஞ்சளும் இஞ்சி பூண்டு வாசனையும். முதல் வேலையாகப் பொன்னியைக் குழாயடிக்கு அனுப்பினாள். முழங்கால் வரை உப்பு அப்பியிருந்த அவளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவவைத்து, ஒரு பச்சை அங்கியையும் மாட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

வேப்பமரத்தைச் சுற்றி ஆரோக்கியசெல்வி நடந்தாள். வலி வரும்போது பொன்னியின் தோளில் முகத்தை வைத்துத் தொங்கினாள், போனதும் மறுபடி நடந்தாள். உப்புக் கஞ்சி குடித்தாள். மதியத்துக்குப் பிறகு நடை முடியவில்லை. உள்ளே போய் ஒருக்களித்துப் படுத்தாள். கத்த வேண்டும்போல் இருந்தபோது தயங்கி நர்ஸ் முகத்தைப் பார்த்தாள்.

"கத்து செல்வி, பரவால்ல" என்றாள் சிவசங்கரி. "நல்லா பண்றே செல்வி. இன்னும் கொஞ்சம்தான்."

ஒவ்வொரு பேச்சிலும் அவள் பெயர் வந்தது. ஆரோக்கியசெல்வி கத்தினாள், வெளியே வண்டியை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்த ஜான்சனுக்குத் துணி கையிலிருந்து விழுந்துவிட்டது.

இரண்டே முக்கால் மணிக்குக் குழந்தை வந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. சிவசங்கரி விரலை விட்டு லேசாக எடுத்துவிட்டாள். குழந்தை அழவில்லை. துணியால் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். பொன்னி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆரோக்கியசெல்வியின் கையை நசுக்கினாள். பிள்ளை பெற்றவள்தான் "ஒண்ணும் ஆவாதுக்கா" என்று அவளுக்குச் சொன்னாள். அந்த நேரத்தில் ஒரு அழுகை கிளம்பியது பாருங்கள், அறையே அதிர்ந்தது.

"பொம்பளப் புள்ள. கொரல் உன்னுதேதான்" என்று சொல்லிச் சிவசங்கரி குழந்தையை அவள் மார்பில் போட்டாள்.

அதற்கப்புறம் ரத்தம் கொஞ்சம் அதிகமாகவே போனது. வழக்கமாகப் போடும் ஊசிக்கு மேல் இன்னொன்று போட்டார்கள். கையில் சலைன் ஏற்றினார்கள். சிவசங்கரி வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரத்தில் நின்றது. ஆரோக்கியசெல்விக்குப் பயம் வரவில்லை, குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னி மட்டும் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்து முடித்ததும், யாரும் கேட்காமலே சிவசங்கரியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வெளியே போய் ஜான்சனிடம் சொல்ல வாயைத் திறந்தவள், சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள். உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜான்சன் வண்டியை ஓட்டிய ஓட்டத்தில் ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தன. உப்பளத்தின் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று, ரோட்டை மறித்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் வாட்டர் கேனில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். பொன்னி பக்கத்தில் நின்று, ஈரக் கையோடு யாரும் குழந்தையைத் தொடாமல் அதட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்தில் வேலைக்குத் திரும்பவேண்டும் என்று சொன்ன சூப்பர்வைசரே கடைசியில் தலையை நீட்டிப் பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரிடி? எனக்கும் வர்ற மாசந்தான்" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

ஆரோக்கியசெல்வி அவளை முன் சீட்டில் தன் பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வேப்பமரம், கஞ்சி, திரை என்று ஒன்று விடாமல் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.