தலைகீழாக நின்ற தோட்டா

நான் நிறையப் பொய் சொன்னவன். மிசோரி ஆற்றில் நான் பிடித்த மீன் என் படகை நாலு மைல் இழுத்துக்கொண்டு போனது பொய். ஒரு ஜனவரிக் குளிரில் என் பசு ஐஸ்கிரீமாகவே கறந்தது பாதிப் பொய். அதற்காக இதையும் அந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். என் பொய்களில் எப்போதும் நான்தான் வீரன். இதில் நான் ஓடுகிறேன். எழுபத்திநாலு வயதில், வெறும் காலுறையோடு, பனியில்.

போன நவம்பர் பதினான்காம் தேதி. வியாழக்கிழமை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வரப்போகும் சனிக்கிழமை மான் வேட்டைக்காக இருபது தோட்டா செய்தேன். எங்கள் மொன்டானாப் பக்கம் பாதிப் பேர் கடைத் தோட்டா வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, புது வெடிமருந்து போட்டு, கூட்டின் வாயில் குண்டைப் பொருத்தி, மறுபடி தோட்டாவாக்கிவிடுவோம். நாற்பது வருடமாகச் செய்கிறேன். தூங்கிக்கொண்டே செய்வேன் என்று பெருமை பேசியதும் உண்டு. முதல் பத்து என் கூட்டாளி ஓரினுக்கு. மீதிப் பத்து எனக்கு. இருபதாவது தோட்டாவை அழுத்தி முடித்தபோது, குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் என் பிரஸ்ஸின் கைப்பிடி மூட்டோடு உடைந்து கையில் வந்தது.

மறுநாள் தீவனக் கடைப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தேன். 'என் கணவரின் தோட்டா செய்யும் பிரஸ், மற்ற சாமான்கள். நூற்றைம்பது டாலர். இருட்டுவதற்கு முன் வரவும். ஆர்டிஸ் நைஸ்ட்ரம்.'

ஓரினிடம் காட்டினேன். சீட்டை மூக்குக்கு நேரே வைத்துப் படித்தான்.

"செத்தவன் சாமானாடா?"

"செத்தவன் சாமான்தான் மலிவு."

"எப்படிச் செத்தான்னு விசாரிச்சியா?"

"நான் பிரஸ் வாங்கப் போறேன். பொண்ணு பார்க்கப் போகலே."

"முன்னாடி வெச்சிருந்தவன் கை எப்படின்னு பார்த்து வாங்குடா கிழவா. அதுல செய்யற தோட்டாவை என் கன்னத்துல வெச்சுச் சுடப்போறது நான்."

அவன் சொன்னது நியாயம். பழைய சாமான் வாங்கும்போது இரும்பைப் பார்த்தால் போதாது. அதைக் கையாண்டவன் சுத்தமானவனா, சோம்பேறியா என்று பார்க்க வேண்டும். அவனுடைய அலட்சியமும் சாமானோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும்.

ஆர்டிஸ் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி 4:05. கனடா எல்லைக்குப் பக்கத்தில், கோதுமை நிலங்களுக்கு நடுவில் தனி வீடு. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினேன். கோட்டைச் சமையலறைக் கதவு ஆணியில் மாட்டினேன். பக்கத்து ஆணியில் இன்னொரு கோட்டு தொங்கியது. ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு. பெரியது. சுவரில் செல்மர் நைஸ்ட்ரமின் புகைப்படம் இருந்தது. வேலிக் கம்பு மாதிரி ஒல்லி. அந்தக் கோட்டுக்குள் அவரைப் போல மூன்று பேர் குடியிருக்கலாம்.

யாருடையது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது.

"போன்ல பேசின லோவெல் நீங்கதானே? கீழே போய்ப் பாருங்க. நான் வரலே. முட்டி வலி," என்றாள் ஆர்டிஸ்.

அப்போதுதான் காலுக்குக் கீழே கேட்டது.

டொக்… டொக்… டொக்…

"அது குழாய். ஹீட்டர் சூடேறினா இப்படித்தான் அடிக்கும்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

4:14. பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். ஒரே ஒரு பல்பு. சிமென்ட் தரை காலுறை வழியே ஜில்லென்று ஏறியது. சுற்றிப் பார்த்தேன். ஹீட்டர் இல்லை. குழாயும் இல்லை. இந்த வீட்டில் சூடு தருவது சமையலறை விறகு அடுப்பு மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி… கிழவிக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரோரம் மேசை. அதில் பச்சை பிரஸ், நல்ல கனம். பக்கத்தில் மருந்து அளக்கும் குடுவை. அதன் பிடியைத் திருப்பினால் ஒரு தோட்டாவுக்கான மருந்து கீழே விழும். பிறகு ஐம்பது குழி வெட்டிய மரக்கட்டை. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் சுத்தியல். அது ஆணி அடிப்பதற்கல்ல. தப்பாகச் செய்த தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டித் தரையில் மூன்று முறை தட்டினால் குண்டு கழன்று வரும், மருந்து கொட்டும்.

மூன்று முறை.

மேலே கேட்ட சத்தம் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பிரஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி.

சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. கட்டை எழுத்து, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. 'ஒரு மேசை. ஒரு மருந்து.' மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துதான் இருக்க வேண்டும் என்று அர்த்தம். அட்டையின் கீழே பென்சிலில் இன்னொரு வரி. 'குடுவையைக் காலி பண்ணினியா?'

நல்ல மனுஷன், சுத்தமான கை என்று தோன்றியது. பாதி வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு பார்ப்பதற்காக என் இருபதில் முதல் தோட்டாவைச் சட்டைப் பையில் கொண்டு போயிருந்தேன். அதை எடுத்து மரக்கட்டைக் குழியில் நிமிர்த்தி வைத்தேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டையில் நிமிர்ந்து நின்றால் அது சரிபார்த்தது. தலைகீழாக நின்றால் அதில் வேலை பாக்கி, தொடாதே என்று அர்த்தம்.

குடுவையின் பிடியைத் திருப்பினேன். ஒன்றும் விழவில்லை. காலி. நல்லது.

திரும்பினேன்.

என் தோட்டா தலைகீழாக நின்றது.

நானே தப்பாக வைத்திருப்பேன். வயதாகிவிட்டதே. நிமிர்த்தி வைத்தேன். குனிந்து மேசைக் கால்களை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. எழுந்தேன். மணி 4:29.

தலைகீழாக நின்றது.

இந்த முறை நிமிர்த்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அசையவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. கண்ணை எடுக்காமல், பக்கவாட்டில் கை நீட்டிக் குடுவைப் பிடியைச் சும்மா திருப்பினேன்.

சர்ர்ர்…

மருந்து விழுந்தது.

காலியாக இருந்த குடுவை. உள்ளங்கையில் ஏந்திப் பல்புக்கு நேரே பிடித்தேன். கறுப்பு கறுப்பாக, செதில் செதிலாக. அது கைத்துப்பாக்கி மருந்து. மின்னல் வேகத்தில் எரிவது. ரைஃபிளுக்குப் போடுவது குச்சி குச்சியாக, மெதுவாக எரியும். இதை அதில் போட்டால் துப்பாக்கி வெடித்துச் சுடுபவன் முகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

மறுபடி திருப்பினேன்.

சர்ர்ர்…

இப்போது செதிலும் குச்சியும் கலந்து விழுந்தன.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தை மறைக்க வரும் கோபம். "ஊருக்கெல்லாம் அட்டை எழுதி ஒட்டினியே," என்றேன் சத்தமாக. "நீயே குடுவையைக் காலி பண்ணாம போய்ச் சேர்ந்துட்டியே, செல்மர்!"

பல்பு மங்கியது.

யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். என் இடது தோளுக்குப் பின்னால்…

மரக்கட்டையைப் பார்த்தேன்.

தோட்டா இல்லை.

சுத்தியலும் இல்லை.

4:41.

டொக்…

என் பின்னால். தரையில். சிமென்ட் அதிர்ந்தது பாதத்தில் தெரிந்தது.

டொக்…

இன்னும் பக்கத்தில்.

மூன்றாவதற்கு நான் நிற்கவில்லை.

படியில் பாதி ஏறும்போது அது கேட்டது. பிறகு… பொலபொலவென்று ஏதோ கொட்டும் சத்தம்.

சமையலறையில் ஆர்டிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்கறீங்களா?"

"இல்லை."

"யாரும் வாங்கறதில்லே," என்றாள், கிழங்கிலிருந்து கண் எடுக்காமல். நான் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். டிரக் கதவைத் திறக்கும்போது பின்னால் கூச்சல்.

"கோட்டு! உங்க கோட்டு! அதை எடுத்துட்டுப் போங்க!"

முட்டி வலிக்காரி, வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்தாள். ஜன்னல் வழியாகக் கோட்டைத் திணித்தாள்.

வீடு வந்தபோது 5:35. மேசை விளக்கைப் போட்டேன். மூக்கு ஒழுகியது. கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்.

ஏதோ உருண்டது.

ஒரு குண்டு. ஒரு பித்தளைக் கூடு. மடித்த காகிதம் ஒன்று.

நான் கீழே இருந்த நேரமெல்லாம் அந்தக் கோட்டு மேலே ஆணியில் தொங்கியது.

காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே என் தோட்டாவின் மருந்து. கறுப்பு… செதில் செதிலாக. காகிதத்தில் இடது பக்கம் சாய்ந்த எழுத்து.

'காலி பண்ணினியா?'

நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம் கைத்துப்பாக்கிக்குத் தோட்டா செய்திருந்தேன். செவ்வாய்க்கிழமை குடுவையைக் கொட்டிக் கழுவ எடுத்தபோது போன் அடித்தது. ஓரின்தான். இருபது நிமிடம் அவன் மருமகளைப் பற்றிப் புலம்பினான். போனை வைத்துவிட்டு வந்து, அடியில் ஒரு கை மருந்து கிடப்பது தெரியாமல், மேலே ரைஃபிள் மருந்தைக் கொட்டினேன். எடை போட்டுப் பார்க்கவில்லை. நாற்பது வருட அனுபவம் அல்லவா.

என் சுத்தியலை எடுத்து மீதிப் பத்தொன்பதையும் பிரித்தேன். இரண்டாவது, செதில். மூன்றாவது, செதில். நாலாவது, ஐந்தாவது, செதில். ஆறாவதில் கலப்பு. ஏழாவதிலிருந்து குச்சி.

முதல் பத்து ஓரினுக்கு என்று ஒதுக்கி வைத்தவை.

7:40க்கு ஆர்டிஸுக்குப் போன் செய்தேன். "மனசு மாறிட்டேன். வாங்கிக்கறேன். பிரஸ், குடுவை, சுத்தியல், எல்லாமே."

"குடுவையா? சுத்தியலா?"

"மேசை மேலே இருந்ததே."

"மேசையிலே பிரஸ்ஸும் நாலு மரத்துண்டும்தான் இருக்கு, லோவெல். குடுவை, சுத்தியல் எல்லாத்தையும் ஷெரிஃப் ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. செல்மர் துப்பாக்கி அவர் முகத்துலயே வெடிச்ச அன்னிக்கு. அவர் செஞ்ச தோட்டாதான். குடுவையிலே ரெண்டு மருந்து கலந்து கிடந்துச்சாம். ஆறு வருஷமாச்சு."

என் உள்ளங்கையைப் பார்த்தேன். அந்தக் குடுவையிலிருந்து விழுந்த மருந்தின் கறுப்புக் கறை இன்னும் இருந்தது.

"கோட்டை எடுத்துட்டுப் போகச் சொல்லி ஏன் அப்படி ஓடி வந்தீங்க?"

அடுப்பில் ஒரு விறகைப் போடும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. பெரிய உடம்பு. கீழே போன பத்தாவது நிமிஷம் ஓடியாந்தாரு. கோட்டை விட்டுட்டே போயிட்டாரு. பேரு கூடச் சொல்லலே. அடுத்த வாரம் பேப்பர்ல போட்டோ பார்த்தேன். வேட்டைக்குப் போன இடத்துல துப்பாக்கி வெடிச்சு… போயிட்டாரு. செத்தவர் கோட்டை வெச்சுக்கிட்டு முழிக்கறேன். இன்னொண்ணு வேண்டாம்னுதான்."

ஆரஞ்சுக் கோட்டு.

"அதோட பையிலே கை விட்டுப் பார்த்தீங்களா?"

"அடுத்தவங்க பையிலே நான் ஏன் கை விடணும்?"

"இப்போ விடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

போனை மேசையில் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம், போனது. நின்றது. என் கடிகாரத்தில் 7:46.

செருப்பு திரும்பி வரவில்லை. வெகு நேரம்…

பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"லோவெல்… ஒரு குண்டு இருக்கு. ஒரு பித்தளைக் கூடு. அப்புறம்… மடிச்ச காகிதம்."

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் படித்துச் சொல்லவில்லை. கணவன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

"பிரஸ்ஸை விக்காதீங்க," என்றேன். "ஆனா அந்தச் சீட்டைக் கடையிலேருந்து எடுத்துடாதீங்க."

அவளுக்குப் பின்னால், வெகு கீழே…

டொக்…

"அது குழாய்," என்றாள் ஆர்டிஸ். அழுதுகொண்டே சொன்னாள்.

அந்தச் சீட்டு இன்றைக்கும் தீவனக் கடைப் பலகையில் இருக்கிறது. நூற்றைம்பது டாலர், மலிவுதான். போய்ப் பாருங்கள். நீங்கள் செய்த தோட்டா ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஓடி வரும்போது பூட்ஸை விட்டாலும் பரவாயில்லை.

கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.