வீடியோ பார்த்துவிட்டு வரச் சொன்ன கதை

தொண்டை கட்டக் கத்துகிறவர்தான் நல்ல வாத்தியார் என்று எந்தக் காலத்திலோ முடிவாகிவிட்டது. என்னைப் போலக் கல்லூரியில் புரோகிராமிங் நடத்துகிறவர்கள் அந்தத் தீர்ப்பை மாற்ற முயன்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சும்மா நிற்கிறேனாம்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் வரும் கல்லூரி எங்களுடையது. பாடத்தை முந்தின நாளே போனில், கல்லூரி ஆப் வழியாக வீடியோவாகப் பார்த்துவிட்டு வர வேண்டும், வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து புரோகிராம் எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நீச்சலைக் கரும்பலகையில் நடத்த முடியுமா, சொல்லுங்கள்.

ஒருநாள், புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று வகுப்பே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பிரின்சிபால். அவர் கண்ணில் பட்டது இரைச்சலும் வெறும் போர்டும்தான். அறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்: "உங்களுக்குச் சம்பளம் பாடம் நடத்தத்தான் மேடம், வேடிக்கை பாக்க இல்ல."

ஒரே போன்

லைட்ஹவுஸ் குப்பத்து ரேகா கெட்டிக்காரி. ஆனால் வீடியோ பார்த்ததாக ஆப்பில் ஒரு தடவைகூடப் பதிவாகவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாக விசாரித்தேன். வீட்டுக்கு ஒரே போனாம். அதை அப்பா படகில் கொண்டுபோய்விடுவாராம்.

இந்த முறையை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த நிபுணர், இப்போதெல்லாம் ஆளுக்கொரு போன் இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ரேகாவோ தன் தப்பைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நைனா கடலுக்குப் போனா போனும் கூடவே போவுது மேடம், நான் எதுல பாக்கறது?"

லேப் சாவி

வீடியோக்களை லேப் கணினிகளில் ஏற்றினேன். முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் காலையில் அங்கேயே பார்க்கட்டும் என்று அனுமதி கேட்டேன். டைம்டேபிளில் இல்லாத நேரத்தில் லேப் திறக்கக் கூடாதாம். கரண்ட் செலவாம். ஏசி ஓடும் பிரின்சிபால் அறையில் வைத்துத்தான் இதைச் சொன்னார்கள்.

விடாமல் நச்சரித்து, என் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்துச் சாவியை வாங்கினேன். ரேகாவோடு இன்னும் சிலரும் சீக்கிரம் வரத் தொடங்கினார்கள். சாவியைக் கொடுத்த லேப் அசிஸ்டன்ட் சிரிக்காமல் சொன்னார்: "ஒரு மவுஸ் காணாம போனா நீங்க பதில் சொல்லணும் மேடம், பசங்க பாஸானா தன்னாலதான்னு பிரின்சிபால் சொல்லிக்குவாரு."

பூஜ்ஜியம்

பருவ முடிவில் இன்னொரு உத்தரவு வந்தது. ஆப்பில் வீடியோ பார்த்த கணக்கை வைத்துத்தான் இன்டர்னல் மார்க். லேப்பில் பார்த்தது ஆப்பில் ஏறாது. வகுப்பில் எல்லாப் புரோகிராமையும் ஓடவைத்த ரேகாவுக்குப் பூஜ்ஜியம்! அந்த மார்க்குக்கு நான் கையெழுத்துப் போட முடியாது என்றேன். வேலை வேண்டுமா என்று நாசூக்காகக் கேட்டார்கள். வேண்டும்தான், ஆனாலும் போட மாட்டேன் என்றேன்.

பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். ரேகாவின் அப்பா கரையேறிய கையோடு சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். மகள் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் என்ன என்று பிரின்சிபால் கேட்டார். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் கரைக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது என்றார் அவர். பிறகு விஷயத்தை நான் விளக்கினேன். மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. "போனு வோணும்னு அது கேக்கவே இல்ல சார். கேட்டிருந்தா கரையிலயே வெச்சிட்டுப் போயிருப்பேன்."

பிரின்சிபால் மார்க் பட்டியலை எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். வகுப்பில் செய்த வேலைக்கே மார்க் என்று உத்தரவு மாறி, இப்போது அதற்குக் கல்லூரி வாசலில் ஒரு பேனர் தொங்குகிறது, 'எங்கள் கல்லூரி முதல்வரின் புதுமைத் திட்டம்' என்று.