சாவிக்காரி சொன்ன பொய்

எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. எல்லா அறைச் சாவியும் அவள் இடுப்பில் தொங்கியதால் சாவிக்காரி என்று பேராகிவிட்டது. புருஷன் பெயிண்டர். நாற்பது வருஷம் சாரத்தில் நின்றவர், ஒரு சொட்டுக் குடித்ததில்லை. "ஆடுற காலுக்குச் சாரத்துல இடம் இல்ல" என்பார்.

அவருக்கு அறுபது முடியவில்லை. ஒருநாள் காலையில் அடித்து முடித்த சுவரையே மத்தியானமும் அடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கியவர், எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் சாயங்காலம் வரை நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டில் பெயிண்ட் பிரஷ்ஷைக் குடிதண்ணீர்க் குடத்தில் முக்கிக் கழுவினார்.

மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, தப்பா நினைக்காதே. அண்ணன் இப்போ போடுறாரா?" என்று கட்டைவிரலை வாய்ப் பக்கம் காட்டினார்.

'இல்லை' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பின்தெருத் தச்சர் நினைவு கூடவே வந்தது. அவர் அம்மாவுக்குப் புத்தி தடுமாறியபோது, கிறுக்கு பிடித்த வீடு என்று வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். அடுத்த வீடு கிடைக்க நாலு மாதம் நாயாக அலைந்தார்கள். இவர்கள் இருந்ததும் வாடகை வீடுதான். குடிகாரனை ஊர் திட்டும், ஆனால் ஒதுக்காது.

"ஆமாண்ணே, கொஞ்ச நாளா" என்றாள்.

பேச்சு அவளுக்கு முன்னால் தெருவைச் சுற்றிவிட்டது. அவரைச் சாரத்தில் ஏற்ற யாரும் தயாராயில்லை, வேலை நின்றது.

விடுமுறை நாளொன்றில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். துணைக்கு மேஸ்திரியும் வந்தார். மூன்று மணி நேரம் வரிசை, உள்ளே மூன்று நிமிஷம். டாக்டர் காகிதத்தைத் தந்து கடிகாரம் வரையச் சொன்னார். பெயிண்டர் பேனாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படிச்சிருக்காரா?"

"இல்லீங்க."

"அப்போ இது வராது. குடிப்பாரா?"

அவள் வாய் திறக்குமுன் மேஸ்திரி, "இப்பத்தான் பழகியிருக்காரு சார்" என்றார். டாக்டர் தலையாட்டி, சத்து மாத்திரை எழுதினார். "ஐயா, குடியை விட்டுடணும்."

"விட்டுடுறேங்க" என்றார் பெயிண்டர், மிகப் பணிவாக.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாவதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. வேலைக்குப் போகையில் அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டினாள். ஊரார் அறைகளையெல்லாம் திறந்துவிடுகிறவள் தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். ஒருநாள் அவர் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கையைக் கிழித்துக்கொண்டார். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்ட நர்ஸ் பேச்சுக் கொடுத்தாள்.

"என்ன வேலை பார்த்தீங்கய்யா?"

"பெயிண்டரு."

"எங்க வீட்டுச் சுவரெல்லாம் உரிஞ்சு கிடக்கு. எப்படி அடிக்கணும்?"

அவர் முகம் மலர்ந்தது. "முதல்ல கலர் அடிச்சிடணும். அப்புறம் பட்டி பார்க்கணும். அப்புறம்... நல்லாச் சுரண்டிடணும்."

சாவிக்காரி தரையைப் பார்த்தாள். முதலில் சுரண்டல், பிறகு பட்டி பூசிச் சமப்படுத்துவது, அப்புறம்தான் கலர். முப்பது வருஷம் அவர் சட்டையைத் துவைத்தவளுக்கே அது தெரியும். நர்ஸ் அவள் முகத்தைக் கவனித்தாள்.

"குடி எத்தனை வருஷம்?" பழைய மருத்துவமனைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"குடிச்சதே இல்லம்மா. நான்தான் பொய் சொன்னேன்."

நர்ஸ் திட்டவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், படிக்காதவருக்கும் பொருந்துகிற கேள்விகளாகக் கேட்டார்கள், மறதி நோய் என்றார்கள். "குணமாக்க முடியாதும்மா. கொஞ்சம் சமாளிக்கலாம். முன்னாடியே வந்திருந்தா நீங்களும் தயாராகியிருக்கலாம்" என்றார் அந்த டாக்டர்.

அவள் நேரே மேஸ்திரியிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "விடும்மா. ஊரறிஞ்ச குடிக்கு நோய்னு பேர் வைக்கிறே" என்றார். சீட்டை நீட்டினாள், அவருக்கும் வாசிக்கத் தெரியாது.

"அப்போ நீங்களே வந்து அவர்கூட ஒரு மணி நேரம் உக்காருங்கண்ணே."

வந்தார். எதிரே உட்கார்ந்து, "என்னண்ணே, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷம் ஒரே சாரத்தில் நின்றவர்கள்.

"தெரியாம என்ன? நீங்க வீட்டுக்காரர். காலி பண்ணிடுறோம், ஒரு மாசம் டைம் குடுங்க."

மேஸ்திரி அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "நான் ஆஸ்பத்திரியில வாயை மூடியிருக்கலாம்" என்றார்.

"நான்தானே திறந்துவிட்டேன்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல், மேஸ்திரி சொல்லி, அன்றன்று வேலை இல்லாத பெயிண்டர்கள் ஆள் மாற்றி ஆள் வந்து அவரோடு இருந்தார்கள். தெருவில் பாதிப்பேர் கடைசி வரை குடி என்றே பேசினார்கள், அவளும் திருத்தி அலுத்துவிட்டாள். வீட்டுக்காரரிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் முகம் சுளித்தார், ஆனால் காலி பண்ணச் சொல்லவில்லை.

அதற்குப் பின் பெயிண்டர் நாலு வருஷம் இருந்தார். கடைசி வருஷத்தில் அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் தடவை அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மறுநாள் அவர் மறுபடி கூப்பிட்டபோது, "சொல்லு தம்பி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.