ஓரத்தில் மட்டும் பசை

பசைக் குச்சியின் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் லோஜினி வேலையைத் தொடங்குவார். அரசாங்கம் ஒரு விதியை மாற்றினால், புதிய வாசகத்தை அரசிதழிலிருந்து நகலெடுத்து, கத்தரித்து, சட்டப் புத்தகத்தில் பழைய வாசகத்தின் மேல் ஒட்ட வேண்டும். கோலாலம்பூரில் வழக்கறிஞர்கள் வந்துபோகும் ஒரு சட்ட நூலகத்தின் நான்காம் மாடியில், இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்கு இதுதான் பிழைப்பு.

ஒட்டுவதில் அவருக்கென்று ஒரு தினுசு உண்டு. சீட்டின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு பசை தடவுவார். தூக்கிப் பார்த்தால் அடியில் பழைய விதி அப்படியே இருக்கும். ரத்தான சட்டம் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், "அது செத்துப் போகலைங்க, தூங்குதுலா" என்பார்.

மதியம் மூன்று மணிக்கு மேல் அவரைக் கூப்பிட்டால் உடனே பதில் வராது. மாட்டுவண்டிக்கு விளக்கு எந்தப் பக்கம் தொங்க வேண்டும், தண்டவாளத்து ஓரம் ஆடு மேய்க்கலாமா என்று சொல்லும் பழைய விதி ஏதாவது ஒன்றைத் திறந்து வைத்திருப்பார். சன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும். அவர் கண்ணுக்கோ, பிரிக்பீல்ட்ஸில் தம் வீட்டு வாசலில் விளக்கு கட்டிய வண்டிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். சட்டம் படித்துக் கனவு காணும் மனுஷி இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நூலகத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு இந்த ஓரப்பசை பிடிக்காது. ஒருநாள் சீட்டு ஒன்று கழன்று ஒரு வழக்கறிஞரின் மடியில் விழ, இனி முழுக்க ஒட்டுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். லோஜினிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஒட்டினார், ஒரு வாரம் முழுக்க, பசையை அழுத்தி அப்பி, கோபத்தோடு ஒட்டினார். அடுத்த வாரம் ராதாகிருஷ்ணன் விடுப்பில் போனதும் பழையபடி ஓரப்பசைக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு வாரத்தை இருவருமே மறந்துபோனார்கள்.

ஏழு வருஷம் கழித்து, வானம் கறுத்திருந்த ஒரு புதன்கிழமை, வீரம்மா வந்து நின்றார். கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பம் சுட்டு விற்பவர். சாலையை ஒட்டியிருப்பதால் கடையை எடுக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. முன்பே லைசென்ஸ் வாங்கியவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று பழைய விதியில் ஒரு வரி உண்டாம். அதைக் காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை கடையை அள்ளிப்போக லோரி வரும் என்று அங்கிருந்த அதிகாரி சொல்லியிருந்தார். இணையத்தில் புதிய விதிதான் கிடைத்தது. இந்த நூலகத்தில் இருந்த அந்த வருஷத்து அரசிதழையோ கரையான் தின்றிருந்தது.

லோஜினி சிரித்துக்கொண்டேதான் புத்தகத்தை எடுத்துவந்தார். பக்கத்தைத் திருப்பி, சீட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தார். சீட்டு அசையவில்லை. நான்கு பக்கமும் அப்பியிருந்தது. அது எந்த வாரம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னாக்கா, இல்லையா?" என்றார் வீரம்மா.

"இருக்கு. நான்தான் மூடி வச்சிட்டேன்."

சொன்ன பிறகு அவரால் வீரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து சீட்டின் மேல் விரித்துவிட்டு உட்கார்ந்தார். இழுத்தால் அடியில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும், காத்திருக்கத்தான் வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடி முழுக்க ஈரக் காகித வாசம். வீரம்மா தம் கடையைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: எந்த ஷிப்டுக்காரர்களுக்கு எத்தனை அப்பம், தேங்காய்ப்பால் எந்தப் பக்கம், மழை வந்தால் யார் யார் உள்ளே ஒதுங்குவார்கள். கேட்கக் கேட்க, லோஜினிக்குத் தாமும் அந்தத் தகரக் கூரைக்கடியில் நிற்பதுபோல் இருந்தது. கைமட்டும் துணியை மாற்றிக்கொண்டே இருந்தது.

ராதாகிருஷ்ணன் அந்தப் பக்கம் வந்தார். நனைந்த பக்கத்தைப் பார்த்தார். லோஜினி எழுந்திருக்கவில்லை. தலைவர் தம் மேசையிலிருந்து மெல்லிய கடித உறை வெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்குச் சற்று முன் சீட்டு முனகாமல் எழும்பியது. ஒரு சொல் மட்டும் பாதி போயிருந்தது. மற்றபடி அந்த வரி முழுசாக, கொஞ்சம் மங்கலாக, தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தது. லோஜினி அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நூலக முத்திரை குத்திக் கொடுத்தார். வீரம்மா அதைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நூலகத் தொலைபேசி ஒலித்தது. பின்னணியில் அப்பச்சட்டியில் மாவு சுர்ரென்னும் ஓசை.

"லோரி வந்துச்சுக்கா. சும்மா திரும்பிப் போயிருச்சு."

லோஜினி சரிம்மா, சரிம்மா என்று இருமுறை சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். பிறகு அலமாரிக்குப் போய், அந்த ஒரு வாரத்தில் தாம் ஒட்டிய ஆறு புத்தகங்களையும் மார்போடு அணைத்து எடுத்துவந்து மேசையில் அடுக்கினார். முதல் புத்தகத்தைத் திறந்தார். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தார்.