தர்மேந்திரன் திறந்த பத்திரிகை

கலைமகளுக்குத் தர்மேந்திரனைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா என்றெல்லாம் அவள் வீட்டார் ஜாசின் ஊர் முழுக்க விசாரித்தார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு என்னென்ன அபிப்பிராயங்கள் உண்டு என்று விசாரிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. பாச்சாங்கில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூலையிலிருந்து இரண்டாவது வீடு. தர்மேந்திரன் ஆயர் குரோவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். கலைமகள் ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். கல்யாணத்துக்கு முந்தின வருடம், தொழிற்சாலையில் வேண்டாமென்று தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அதற்குள் ஒன்றுமே இல்லை. கூட வேலை செய்த ஒரு சீன எஞ்சினியர், இதைப் போட்டுப் பார் என்று ஒரு வட்டைக் கொடுத்தார். லினக்ஸ். அதோடு பிடித்ததுதான்.

லினக்ஸ் என்பது என்ன என்று கலைமகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம் அது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். இந்த விளக்கத்தை அவள் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறாள், கோயிலில் அர்ச்சனை வரிசையில் கேட்டிருக்கிறாள். ஒருமுறை பல் டாக்டரின் மேஜை மேல் பழைய விண்டோஸைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து படுத்திருந்த நிலையிலேயே அவர் அந்த டாக்டருக்கு விளக்கப் பார்த்ததையும் கேட்டிருக்கிறாள்.

அவருடைய கட்சி இதுதான். உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கவே விடாத பெட்டியை நம்பி வீட்டு விவகாரத்தை எல்லாம் அதில் போடுவது மடத்தனம். பாசார் சந்தையில் விற்கிற திருட்டு விண்டோஸை வாங்கிப் போடுவது அதைவிட மடத்தனம். பேங்க் கணக்கை ஹேண்ட்போனில் ஏற்றுவது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மடத்தனம். அதனால் ஒரு பில் கட்ட வேண்டுமென்றாலும் கவுண்டருக்குப் போய், நம்பர் எடுத்து, பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டு வைஃபையின் கடவுச்சொல் முப்பத்தொரு எழுத்து. தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு அதை அவர் நிறுத்தி நிதானமாக வாசித்துச் சொல்வார். பாதியில் எழுத்து தவறிப்போய்ப் பிள்ளைகள் அழுவதும் உண்டு.

ஆனால் தாமானில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் போய்ப் பார்ப்பவர் அவர்தான். கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரும் அவர் கைதான். ஹேண்ட்போனில் விளங்காத குறுஞ்செய்தி வந்தால், தொடாதே, முதலில் தர்மேந்திரனிடம் காட்டு என்பார்கள். சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள்கூட அவரை நம்பினார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் அவரோடு பேசுவதில்லை. கணேஸ்வரன். இருவரும் ஜாசின் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அடுத்தடுத்த லயத்து வீட்டில் பிறந்தவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. கணேஸ்வரன் ஜாசின் டவுனில் அச்சுக்கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பார். பதினோரு வருடத்துக்கு முன் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டதென்று தர்மேந்திரனைக் கூப்பிட்டார். தர்மேந்திரன் போய்ப் பார்த்தார். உள்ளே இருந்தது பாசார் விண்டோஸ். ஒரு வார்த்தை கேட்காமல் அதை முழுக்க வழித்தெறிந்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார்.

கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் கணேஸ்வரன் பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துரு லினக்ஸில் வரவில்லை. பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் கட்டமும் கொக்கியும் தெரிந்தன. அது தை மாதம், முகூர்த்தக் காலம். நான்கு குடும்பத்தார் கடை வாசலில் நின்றார்கள். "நான் தொடைக்கத்தானடா சொன்னேன், இடிச்சிட்டுக் கட்டச் சொன்னேனா?" என்று கேட்டார் கணேஸ்வரன். அப்போதாவது தர்மேந்திரன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் நீயே எனக்கு நன்றி சொல்வாய் என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் விஷயத்தை முடித்தது.

கலைமகள் இரண்டு முறை சமாதானம் பண்ணப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அசையவில்லை. கணேஸ்வரன் பேச்சு வந்தால் தர்மேந்திரன் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மழை நாளிலும் போவார்.

போன மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கலைமகள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்த தர்மேந்திரனின் ஹேண்ட்போனில் செய்தி வந்தது. அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கலை," என்றார். "கணேசு பத்திரிகை அனுப்பியிருக்கான்."

அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டு வெகு நாளாயிற்று. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். கணேஸ்வரனின் பெயர், கீழே ஒரு கோப்பு, 'குடும்பத்துடன் வருக' என்று ஒரு வரி. அவ்வளவுதான். கணேசு மகளின் கல்யாணமாக இருக்கும் என்று, அவள் வயதைக்கூடக் கணக்குப் பார்க்காமல், அவரே சொல்லிக்கொண்டு அதைத் தொட்டார். இது தெரியாத இடத்திலிருந்து வருகிற செயலி, கெடுதல் செய்யக்கூடும் என்று ஹேண்ட்போன் சொன்னது. பரவாயில்லை என்று அழுத்தினார். உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கலாமா என்று கேட்டது. அனுமதி என்று அழுத்தினார். வேறு யாராவது தன் கண் முன்னால் அப்படி அழுத்தியிருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார். கலைமகளுக்கும் உள்ளுக்குள் என்னவோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, இவருக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டாள்.

பத்திரிகை திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் பெரிதாக இருக்கும் என்று சொல்லி ஹேண்ட்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீலச் சட்டை தேய்த்திருக்கிறதா என்று விசாரித்தார். எந்தத் தேதி என்றே தெரியாத கல்யாணத்துக்கு லீவு எடுப்பது பற்றிப் பேசினார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கலைமகளின் ஹேண்ட்போன் அடித்தது. கோயில் செயலாளர் மணியம். "அண்ணி, யாருக்குக் கல்யாணம்? தர்மா அண்ணன் பத்திரிகை அனுப்பியிருக்காரு, தொறக்கவே மாட்டேங்குது லா" என்றார். அவள் திரும்பி அதை அப்படியே சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே தர்மேந்திரன் எழுந்துவிட்டார். ஹேண்ட்போனைப் பிடுங்குவது போல எடுத்து, மூடியை நெம்பிச் சிம் கார்டை வெளியே எடுத்துப் போட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நடந்ததை அவர் அவளுக்கு நான்கே வாக்கியத்தில் சொன்னார். அது பத்திரிகை இல்லை. உள்ளே புகுந்து குறுஞ்செய்திகளைப் படித்துத் திருடனுக்கு அனுப்புகிற செயலி. அதில் வந்த சரிபார்ப்பு எண்ணை வைத்து என் வாட்ஸ்ஆப்பைப் பிடித்து, என் பெயரில் கோயில் குழு, தாமான் குழு, தொழிற்சாலைக் குழு எல்லாவற்றுக்கும் அதையே அனுப்பியிருக்கிறார்கள். நான் அனுப்பினால் எல்லாரும் திறப்பார்கள்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேங்க் அந்த ஹேண்ட்போனில் இல்லாததால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு அப்படியில்லை. நல்ல வேளையாக, நம்பர்களை ஹேண்ட்போனில் மட்டும் வைப்பது தப்பு என்பதும் அவருடைய அபிப்பிராயங்களில் ஒன்று; அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். கலைமகள் பின்னால் ஏறி, நோட்டை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டாள். எடுத்தவர்களிடம் அதைத் தொடாதீர்கள் என்றாள். எடுக்காதவர்கள் வீட்டு வாசலில் இருவரும் போய் இறங்கினார்கள்.

பதினான்கு பேர் திறந்திருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அவர் முதலில் சொன்னது, தப்பு என்னுடையது என்பதுதான். பிறகு சிம்மைக் கழற்றி, பேங்குக்குப் பேசவைத்து, அந்தச் செயலியைத் தேடி அழித்தார். கோயில் பக்கத்தில் பூமாலை கட்டி விற்கிற மங்களம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஹேண்ட்போனைக் கொடுத்தார். "நீ அனுப்புனதுன்னுதான் தம்பி தொறந்தேன். யாரு கல்யாணம்னுகூட நான் பாக்கல" என்றார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. தர்மேந்திரன் அந்த ஹேண்ட்போனை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

மணியம் மட்டும் சும்மா விடவில்லை. வருடக்கணக்காக அவரிடம் பிரசங்கம் கேட்டவர். "ஹேண்ட்போனுக்கு உள்ளாரயும் லினக்ஸ்தான் ஓடுதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"ஆமா மணியம்," என்றார் தர்மேந்திரன். "அது வேணாம் வேணாம்னு ரெண்டு தடவ சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் ஒருவருக்கு மட்டும் நேரம் தப்பிப்போய்விட்டது. கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. தர்மேந்திரன் அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், என் பெயரில் வந்தது என்று தானும் புகார் எழுதிக் கொடுத்தார். பிறகு பல வாரம் அந்த மனிதரோடு பேங்குக்கு அலைந்தார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்ஆப்பைத் திரும்பப் பிடித்த பிறகு வீட்டில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "கணேசுக்குத் தெரியுமோ தெரியாதோ," என்றார். அவருக்கு வந்தது கணேஸ்வரனின் ஹேண்ட்போனிலிருந்து. அங்கேயும் திருடன் புகுந்திருக்க வேண்டும். நோட்டில் கணேஸ்வரனின் பெயர் மேல் கோடு அடித்திருந்தது. கலைமகள் கோட்டுக்கு அடியில் இருந்த நம்பரைப் படித்துக் கூப்பிட்டாள். ஹேண்ட்போனை அணைத்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாசினுக்குப் போனார்கள். கடை பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே கணேஸ்வரன் மேஜை மேல் செத்த எலி மாதிரி ஹேண்ட்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. தர்மேந்திரன் மேஜை அருகே போய் நின்றார்.

"பத்திரிகை கெடச்சிச்சு," என்றார் தர்மேந்திரன்.

"எம் பொண்ணு ஃபார்ம் த்ரீ படிக்கிறாடா, பதினஞ்சு வயசு."

முதலில் கலைமகள்தான் சிரித்தாள். பிறகு கணேஸ்வரன். தர்மேந்திரன் சிரித்தாரா, கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்தது வேறெதற்காவதா என்று அவள் கவனிக்காதது போல் இருந்துகொண்டாள்.

பத்திரிகை அடிக்கிறவனிடமிருந்து பத்திரிகை வந்தால் யார்தான் திறக்க மாட்டார்கள்? கணேஸ்வரனின் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் திறந்திருந்தார்கள். முந்தின நாள் பூராவும் திட்டு வாங்கி, கடைசியில் ஹேண்ட்போனையே அணைத்துவிட்டாராம். உன்னைக் கூப்பிடத்தான் முதலில் நினைத்தேன், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்றார். தர்மேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தவர் கையை நீட்டவில்லை.

"நான் பாக்கலாமா கணேசு?"

இப்படி ஒரு கேள்வியை அவர் யாரிடமும் கேட்டுக் கலைமகள் அதுவரை பார்த்ததில்லை. கணேஸ்வரன் ஹேண்ட்போனை அவர் பக்கம் தள்ளினார். அது முடிய மத்தியானம் ஆனது. கணேஸ்வரனின் மனைவி ஜானகி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றாள்.

வீடு திரும்பிய பின் ஒரு வாரம் தர்மேந்திரன் கம்ப்யூட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. தொலைக்காட்சியில் யாரோ ஒரு அமைச்சர் இணையப் பாதுகாப்பைப் பற்றித் தப்பாகச் சொன்னபோதுகூடச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இருபத்து மூன்று வருடமாக இந்தப் பேச்சு எப்போது நிற்கும் என்று ஏங்கியவள் கலைமகள். நின்றபோது வீட்டில் இருக்க முடியவில்லை. எட்டாம் நாள் அவளே, ஏங்க, அந்த வைஃபை கடவுச்சொல்லைச் சின்னதாக்கினால் என்ன என்று கேட்டு வைத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் கூடாது என்பதற்கு அரை மணி நேரம் ஆனது. கலைமகள் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

பிறகு மணியமே வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் இந்தப் பத்திரிகை மோசடியைப் பற்றிப் பேச முடியுமா என்று அழைத்தார். தர்மேந்திரன் பேசினார். லினக்ஸ் என்ற வார்த்தை ஒரே ஒருமுறைதான் வந்தது. நான் எப்படி ஏமாந்தேன், எந்த இடத்தில் எதை அழுத்தினேன், ஏன் அழுத்தினேன் என்று சொன்னார். ஏன் என்று சொல்லும்போது கொஞ்சம் திக்கினார். முன்பெல்லாம் அவர் ஆரம்பித்ததும் மெல்ல எழுந்து பிரசாதப் பக்கம் நகர்கிறவர்கள் அன்று உட்கார்ந்தே இருந்தார்கள். முடிந்ததும் ஹேண்ட்போனைக் காட்ட வரிசையில் நின்றார்கள்.

இப்போது கணேஸ்வரன் சனிக்கிழமைகளில் பாச்சாங்குக்கு வருகிறார். தன் அச்சுக்கடையில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ்தான் ஓடுகிறது, அதுதான் ஓடும் என்கிறார். அதன் குறைகளைத் தர்மேந்திரன் சொல்லச் சொல்ல, கணேஸ்வரன் லினக்ஸில் ஒழுங்காகத் தமிழ்ப் பத்திரிகை அடித்துக் காட்டு பார்ப்போம் என்று எதிர்க்கேள்வி போடுகிறார். அடித்தும் காட்டினார் தர்மேந்திரன். எழுத்து எல்லாம் சரியாக வந்திருந்தது. முருகன் படம் மட்டும் மயிலில்லாமல் வந்திருந்தது. அதைப் பற்றி இரண்டு வாரமாகப் பேச்சு நடக்கிறது. ஜானகியும் கலைமகளும் அவர்களை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்த் துணி எடுத்துவிட்டு வருகிறார்கள்.