டிக்கெட் இல்லாமல் ஏறிய பூட்டுக்காரர்

எங்கள் மாமா காலி வீட்டின் பூட்டைத் திறக்கப் போனாலும் முதலில் கதவைத் தட்டுவார். உள்ளே யாரும் இல்லை என்று வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று சொன்னாலும் தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். அப்புறம்தான் பையிலிருந்து கம்பியை எடுப்பார். "யாராவது இருந்தா சட்டையைப் போட்டுக்கட்டும்னுதான்" என்பார்.

அவர் என் அம்மாவின் தம்பி. மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில், சட்டென்று திரும்பினால் முழங்கை இடிக்கிற அகலத்தில் அவர் கடை. சுவர் முழுக்க இன்னும் வெட்டாத சாவிகள் தொங்கும். வெட்டும்போது பறக்கிற பித்தளைத் தூள் அவர் புருவத்தில் படிந்திருக்கும். வெயிலில் நடந்து வந்தால் முகத்துக்கு மேல் இரண்டு கோடுகள் மினுங்கும்.

தெருவில் சாவியைத் தொலைக்காத ஆள் யார் இருக்கிறார்கள்? அதனால் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவருக்கு எல்லோரையும் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆனால் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை வராது. மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை மொட்டைமாடியில் இடுப்புத் துண்டோடு மாட்டிக்கொண்டு, மாமா போய்க் கதவைத் திறக்கும்வரை எதிர்வீட்டு ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அதை எங்களுக்குச் சொன்னவர் மருந்துக்கடைக்காரரேதான். "உங்க மாமா எப்படியும் ஊரெல்லாம் பரப்பிடுவார்னு நானே முந்திக்கிட்டேன். கடைசில பாத்தா மனுஷன் மூச்சே விடல" என்று இன்னும் அங்கலாய்ப்பார்.

அப்படிப்பட்ட மாமாவுக்கு ஒருநாள் ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. அத்தை அதை வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"என்னங்க இது? டிக்கெட் இல்லாமப் போனீங்களாம். தகுந்த விளக்கம் தரலேன்னா கோர்ட்டுல வழக்குப் போடுவாங்களாம்."

"ஒரு ஸ்டேஷன் தூரந்தான்" என்றார் மாமா.

"ஒண்ணோ ஒம்பதோ, எதுக்கு ஏறினீங்க? அன்னிக்கு வெயிட்டிங் ரூம் பூட்டைப் பாக்கப் போறேன்னுதானே சொன்னீங்க?"

"அதைத்தான் பாத்துட்டு இருந்தேன். நடுவுல ரயிலுக்குள்ள ஒரு வேலை வந்துச்சு. முடிக்கிறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

"என்ன வேலை?"

"கதவு வேலை."

"யாரு மாட்டிக்கிட்டா?"

மாமா ஒரு பழந்துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். கையில் எண்ணெயே இல்லை.

அத்தை பயந்தது அபராதத்துக்கு அல்ல. பூட்டுத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம், இவர் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். ஊரில் பாதி வீட்டைத் திறக்கத் தெரிந்தவர் மேல், சின்னதாக ஏமாற்றுவேலை என்று ஒரு வழக்கு விழுந்தால் போதும், சான்று கிடைக்காது. கடை அத்தோடு சரி.

"கடைக்குப் பூட்டு போட வருவாங்க. அதுக்கும் சாவி நீங்களே வெட்டிக் குடுங்க" என்றாள் அத்தை.

நேரில் வந்தும் விளக்கம் சொல்லலாம் என்று கடிதத்தில் இருந்தது. சொன்ன தேதியில் மாமா, அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். பேருந்தில்தான். ரயில் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று அத்தையின் உத்தரவு.

ரயில்வே அலுவலகத்து மாடியில், கோப்புகள் சாய்ந்து விழாமலிருக்க ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்த ஓர் அறை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. தலைமேல் ஒரு கண்ணாடி, மூக்கில் இன்னொன்று வைத்திருந்த அம்மாள் அவர். மூலையில் ஒரு ஸ்டூலில், மாமாவைப் பிடித்து எழுதிக் கொடுத்த டிக்கெட் பரிசோதகர். ஸ்டூலுக்கு அடங்காத உடம்பு. மாமா அவரைப் பார்த்துத் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் டிக்கெட் வாங்கல?" என்றார் அதிகாரி.

"நேரமில்லைங்க மேடம். ஒரு கதவு சிக்கிக்கிச்சு. அவசரம்னு கூப்பிட்டாங்க, ஓடினேன். பர்ஸு பிளாட்பாரத்துல சாப்பாட்டுப் பையோட இருந்துடுச்சு."

"எந்தக் கதவு?"

"ரயில் கதவுதாங்க."

"ரயில்ல எத்தனையோ கதவு இருக்கு."

மாமா தொண்டையைச் செருமினார். "அதுக்கு மேல சொல்றதுக்கு இல்லீங்க. வேலை பாத்த இடத்தைப் பத்திப் பேசுற பழக்கம் இல்ல."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இவரு வாயைத் திறக்க இன்னும் சாவி வரல. கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் தேடுறேன்."

அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு கோப்பைப் புரட்டினார்.

"கடைசிப் பெட்டி, கழிப்பறை வாசலில் பிடிபட்டார்னு எழுதியிருக்கு. டிக்கெட் இல்லாதவங்க வழக்கமா ஒளியற இடம் அதுதான். நீங்களும் உள்ள ஒளிஞ்சிருந்தீங்க. அப்படித்தானே?"

மாமா ஒருமுறை மூலையைப் பார்த்தார். பரிசோதகரின் காதுமடல் சிவந்திருந்தது. மாமா பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்படியே எழுதிக்குங்க மேடம்."

"ஏங்க!" என்று அத்தை அவர் சட்டையைப் பிடித்தாள்.

"அப்படி எழுதினா இது கோர்ட்டுக்குப் போகும். தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியுங்க." மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கடைக்கும் ஆபத்துன்னு தெரியும்." மடியிலிருந்த கருவிப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே ஏதோ இரும்பு மெல்ல உரசிக்கொண்டது.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

"அவர் ஒளியல மேடம்." மூலையிலிருந்து சத்தம் வந்தது.

"கழிப்பறை வாசல்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"வாசல்லதான் நின்னார். வெளிப்பக்கம்."

"அப்போ உள்பக்கம் யாரோ மாட்டிக்கிட்டிருந்தாங்க. இவர் திறந்துவிட்டார். நல்லதாப் போச்சு, அந்த ஆளைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லலாமே. யாரு அது?"

பரிசோதகர் எழுந்து நின்றார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான்தான் மேடம்."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. தாழ்ப்பாள் சிக்கிவிட்டது. போன் வெளியே சீட்டில், பைக்குள். இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் கதவை இடித்திருக்கிறார். பெட்டியைப் பெருக்க வந்த அம்மா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, பிளாட்பாரத்தில் பூட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமாவைக் கூவி அழைத்திருக்கிறார்.

"ஓடி வந்தவர் முதல்ல தட்டினார் மேடம். 'சார், திறக்கலாமா'ன்னு கேக்குறார். நான் அழாத குறை. கதவு திறக்கறப்போ வண்டி ஓடிட்டு இருக்கு. வெளிய வந்தா எதிர் சீட்டுல ரெண்டு பொண்ணுங்க வாயைப் பொத்திட்டுச் சிரிக்குது. எனக்குக் கை கால் ஓடல. பரிசோதகரா ஏதாவது செய்யணுமேன்னு இவர் பக்கம் திரும்பினேன். 'டிக்கெட்'னு வந்துடுச்சு. கேட்டப்புறம், அந்தப் பொண்ணுங்க பாத்துட்டு இருக்கறப்போ, எழுதாம எப்படி விடறது?"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"திறந்துவிட்டவர்கிட்டயே டிக்கெட் கேட்டீங்க."

"ஆமா மேடம்."

"வெளிய வந்ததும் முதல் வார்த்தையே அதுதானா?"

"ரெண்டாவது மேடம். முதல்ல நன்றின்னு சொன்னேன்."

அதிகாரி கோப்பை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. அது நிற்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அவசர வேலைக்கு அழைக்கப்பட்டு ஏறியவர், பயணி அல்ல. வழக்கு தேவையில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். குத்தும்போது மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. முத்திரை கோணலாக விழுந்தது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே?" என்று மாமாவைக் கேட்டார்.

"இவரு நாளைக்கும் அதே வண்டிலதானே மேடம் போகணும்?"

"சரி, திறந்துவிட்ட கூலி யாரு தருவாங்க?" என்று அத்தை ஆரம்பித்தாள். மாமா மெல்ல அவள் காலை மிதித்தார்.

படிக்கட்டில் பரிசோதகர் மூச்சு வாங்க ஓடி வந்தார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தாழ்ப்பாளை மாத்தியாச்சா?" என்று கேட்டார் மாமா.

"எழுதிக் குடுத்திருக்கேன்."

"மாத்துற வரைக்கும் பக்கத்துப் பெட்டிக்குப் போயிட்டு வாங்க."

அவர் சிரித்த சிரிப்பு அந்த மாடிப்படி முழுக்கக் கேட்டது. இப்போதெல்லாம் அவரே இதை ரயிலில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்கிறாராம். இல்லையென்றால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் அத்தை ஜன்னலோரத்தை மாமாவுக்கு விட்டுக்கொடுத்தாள். நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று அர்த்தம். பேருந்து கிளம்பியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷத்துல இன்னும் யார் யாரைத் திறந்துவிட்டிருக்கீங்க?"

மாமா வெளியே ஒரு செருப்புக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலவைக்கடைக்காரர்?"

மாமா ஜன்னல் கம்பியில் துருவைச் சுரண்டினார்.

"டாக்டரம்மா? பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்?"

மாமாவின் கண் ஒரு நொடி இமைத்தது.

"ஹெட்மாஸ்டரா!" அத்தை சீட்டைவிட்டே எழுந்துவிட்டாள். "எங்க? ஸ்கூல்லயா, வீட்டுலயா? மாப்ள, நீ பாத்தேல்ல, கண்ணு இமைச்சதை?"

நான் எதையும் பார்க்கவில்லை என்றேன்.